மதுவைக் குறைத்தால் உடல் எடை குறையுமா?

குறையும், அந்தக் கலோரியை வேறு சாப்பாட்டால் நிரப்பாவிட்டால். கலோரி என்பது உணவு தரும் சக்தியின் அளவு. ஒரு கிராம் மதுசாரத்தில் 7 கலோரி, மாச்சத்தில் 4தான். 180 மில்லி சாராயம் சுமார் 330 கலோரி, ஒன்றரைக் கோப்பைச் சோற்றுக்கும் மேல்.

மதுசாரத்தை உடம்பால் சேமிக்க முடியாது. ஈரல் அதைத்தான் முதலில் எரிக்கும். ஒற்றை அடுப்பில் பால் காயும்வரை சோற்றுப்பானை இறங்கி நிற்பதுபோல, கொழுப்பு எரியாமல் காத்திருக்கும். கூட வரும் பொரித்த கணவாய், மிக்ஸர், பிறகு இரவில் கொத்துரொட்டி என்று கணக்கு ஏறிக்கொண்டே போகும். கிழமைக்கு 3 நாள் 'கால்' (180 மில்லி சாராயம்) எடுப்பவர் அதை விட்டால் ஏறத்தாழ 1000 கலோரி மிச்சம்; எட்டுக் கிழமையில் ஒரு கிலோவளவு இறங்கலாம்.

நாளாந்தம் அதிகம் குடிப்பவர் சடாரென்று நிறுத்த வேண்டாம், வலிப்பு வரலாம்; முதலில் வைத்தியரைப் பாருங்கள்.

பியர்தான் வண்டி (தொப்பை) வைக்கும், சாராயம் வைக்காது என்பது தவறு: சாராயத்தில் சீனியில்லாவிட்டாலும் மதுசாரமே கலோரிதான்.