விடியற்காலை மடவையும் ஒரு பாட்டில் தண்ணீரும்

கேள்வி: கடலூர் முதுநகரில், உப்பனாற்றுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. சில நாள் விடியற்காலையில் மடவை மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. மதியம் போய்ப் பார்த்தால் ஒன்றையும் காணோம். தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்தோம், உயிர்வளி (ஆக்சிஜன்) போதுமான அளவு இருப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எதை நம்புவது?

பதில்: மீனை நம்புங்கள். தண்ணீரை எத்தனை மணிக்குப் பிடித்தீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லையே! கடிலமும் பரவனாறும் வந்து சேரும் அந்த முகத்துவாரத்தில், கடல் ஏறியிருக்கும் நேரத்தில் பிடித்திருந்தால் உங்கள் பாட்டிலில் இருந்தது பெரும்பாலும் வங்கக்கடல் தண்ணீர்தான்.

விஷயம் இதுதான். பாசி பகல் வெயிலில் உயிர்வளியை வெளிவிடும், ராத்திரியில் அதுவே உள்ளே இழுத்துக்கொள்ளும். சாக்கடைக் கழிவைத் தின்னும் பாக்டீரியாவுக்கு ராத்திரி பகல் கிடையாது, அதுவும் இழுக்கும். அதனால் விடியுமுன்தான் உயிர்வளி அடிமட்டத்துக்குப் போகிறது. 30 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் சுமார் 7.5 மில்லிகிராம் உயிர்வளி கரையும், கடல் தண்ணீரில் 6 சொச்சம்தான். அது 2-க்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்களுக்கு மூச்சு முட்டும். காற்றுப் படுகிற மேல்தண்ணீரில்தான் கொஞ்சமாவது இருக்கும் என்பதால் மடவை மேலே வருகிறது.

சரி, ஏன் சில நாள் மட்டும்? கடல் ஏறுவதும் வற்றுவதும் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை ஆறு மணிக்கு ஏறியிருந்தால், அடுத்த வாரம் அதே ஆறு மணிக்கு வற்றிக் கிடக்கும். வற்றமும் விடியலும் ஒன்றாக வரும் நாளில் கடலிலிருந்து புதுத்தண்ணீர் கிடைக்காது, அன்றைக்குத்தான் மீன் திணறும்.

அப்புறம் அந்தப் பாட்டில். அரைகுறையாக நிரப்பி, பைக்கில் குலுங்கக் குலுங்கக் கொண்டுபோனால் தண்ணீர் வழியிலேயே காற்றைக் குடித்துவிடும், பிறகு உயிர்வளி நன்றாக இருக்கிறது என்றுதானே வரும்! கரையிலேயே உயிர்வளி அளக்கும் மீட்டரை முக்கிப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் குமிழி இல்லாமல் நிரப்பி அங்கேயே உயிர்வளி அளவு மாறாமல் பிடித்துவைக்கும் மருந்து விட்டு மூட வேண்டும். வற்றமும் விடியலும் சேரும் நாளில் ஐந்தரை மணிக்குப் போங்கள், தேதியையும் மணியையும் பாட்டில் மேலேயே எழுதுங்கள். இதில் உயிர்வளி மட்டும்தான் தெரியும். ஆலைக் கழிவில் வரும் உலோகங்கள் சேற்றில் படியும், அதற்குச் சேற்றைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: கண்டல் காட்டுச் (அலையாத்திக் காடு) சேற்றை மிதித்தால் அழுகிய முட்டை நாற்றம் வருகிறதே, அதுவும் சாக்கடையா?

பதில்: அவசியமில்லை. காற்றுப் புகாத சேற்றில் இருக்கும் பாக்டீரியா, கடல் தண்ணீரின் சல்பேட்டைப் பிரித்து அந்த வாயுவை உண்டாக்கும். பிச்சாவரத்துச் சேற்றிலும் அந்த வாடை உண்டு. அந்த மூச்சுமுட்டும் மண்ணில் நிற்பதால்தான் வெண்கண்டல் மரம் பென்சில் பென்சிலாக வேரை மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது. செருப்பில்லாமல் மிதித்துப் பார்த்தவர்களுக்கு அது நன்றாகவே தெரியும்.