தண்ணி ஊசி போட்டுப் பார்க்கலாமா? – கடிதம்

அன்புள்ள அக்கா,

யாழ்ப்பாணத்தில் ஒரு வைத்தியசாலையின் எலும்பு முறிவு விடுதியில் தாதியாக இருக்கிறேன். வேலைக்கு வந்து கனகாலம் ஆகவில்லை. போன மாதம் மோட்டார் சைக்கிளில் விழுந்து தொடை எலும்பு முறிந்த ஒரு பெடியனைக் கொண்டுவந்தார்கள். ஹெரோயின் பாவிக்கிறவன் என்று தாய் என் காதுக்குள் சொன்னா. முதல் இரவே "மிஸ், நோ தாங்கேலாது, ஊசி போடுங்கோ" என்று கத்தத் தொடங்கிவிட்டான். மோர்பின் போட்டு இரண்டு மணித்தியாலத்தில் திரும்பவும் கேட்டான். "தூளுக்கு நடிக்கிறான்" என்றார்கள் எல்லோரும். அனுபவமுள்ள ஒருவர், "மருந்தில்லாத தண்ணி ஊசி ஒன்றைப் போட்டுப் பார், அடங்கினால் நடிப்புத்தான்" என்றார். நான் போடவில்லை. ஆனால் வேறு என்ன செய்வதென்றும் தெரியவில்லை. இப்படிப்பட்டவருக்கு மோர்பின் கொடுப்பது பழக்கத்துக்குத் தீனி போடுவதாகாதா?

– பெயர் வேண்டாம், வலிகாமம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

போடாமல் விட்டது சரி. தண்ணி ஊசி எங்கள் விடுதிகளுக்குப் புதிதல்ல. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலும் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் அதைப் பற்றிக் கடிதம் வருகிறது. அடங்கினால் நடிப்பு என்ற கணக்கே பிழை. 1978 இல் பல் பிடுங்கியவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். மருந்தில்லாத ஊசியிலேயே சிலருக்கு நோ குறைந்தது. பிறகு, மோர்பினை முறிக்கிற நலோக்சோனைக் கொடுத்ததும் அவர்களுக்கு நோ மறுபடி கூடியது. ஊசி போட்டாயிற்று என்ற நம்பிக்கையில் உடம்பு தானாகவே மோர்பின் போன்ற ஒன்றைச் சுரந்திருக்கிறது. பல் பிடுங்கிய நோவை நடிப்பு என்று யாராவது சொல்வார்களா? அதோடு, நீங்கள் ஏமாற்றியது ஒருநாள் அவனுக்குத் தெரியவந்தால் அதற்குப் பிறகு ஒரு உண்மையும் அவன் வாயிலிருந்து வராது.

சரி, இரண்டு மணித்தியாலத்தில் ஏன் திரும்பக் கேட்டான்? ஹெரோயின் உடம்புக்குள் போய் மோர்பினாகத்தான் மாறுகிறது. தினமும் அதில் ஊறிய உடம்புக்கு, மற்றவர்களுக்குக் கொடுக்கிற அளவு வழமையான பாவனையை ஈடுகட்டவே காணாது. முறிந்த தொடைக்கு மிச்சம் எங்கே இருக்கும்? போதாததற்கு, நெடுநாள் இந்த வகை மருந்து பாவித்தவர்களின் நரம்புகள் நோவைக் கூடுதலாகவே உணரக்கூடும். நடிக்கிறவர்கள் இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் எலும்பு உடைந்து கிடப்பவனிடம் அந்தச் சந்தேகத்தோடு போய் நிற்காதீர்கள்.

இன்னொன்று. நோ வேறு, தூள் கிடைக்காமல் வருகிற வருத்தம் வேறு. அன்றிரவு அவனுக்கு இரண்டுமே இருந்திருக்கும். ஹெரோயினை விட்டு ஆறு முதல் பன்னிரண்டு மணித்தியாலத்தில் அந்த வருத்தம் தொடங்கும். இரண்டாம், மூன்றாம் நாள் உச்சம். ஒரு கிழமையளவில் பெரும்பாலும் தணியும். முறிவின் நோ காலில் நிற்கும்; இது உடம்பு முழுக்க உளையும். கொட்டாவி, மூக்கால் ஓடுதல், கண்ணீர், வியர்வை, வயிற்றோட்டம் என்று சேர்ந்து வரும். டோர்ச்சை எடுத்துக் கண்ணைப் பாருங்கள். மோர்பின் வேலை செய்கிறவரின் கண்மணி ஊசிமுனையளவு சுருங்கியிருக்கும், தூள் கிடைக்காதவருடையது விரிந்து கிடக்கும். கண்மணியையும் கையில் புல்லரித்து நிற்கிற மயிரையும் நடித்து வரவழைக்க ஏலாது. தூள் கிடைக்காத வருத்தத்தை அளக்கிற கோவ்ஸ் (COWS) என்ற அளவுகோலில் இப்படி 11 குறிகள் இருக்கின்றன. அதை ஒரு தாளிலும் நோவின் அளவை இன்னொரு தாளிலும் எழுதி வாருங்கள்.

அவனிடமே கேட்கவும் வேண்டும். தாயைத் தேத்தண்ணி குடிக்க அனுப்பிவிட்டு, விபத்து விசாரிக்க வந்த பொலிஸ்காரர் நின்றால் அவரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். "கடைசியா எப்ப எடுத்தனீங்கள்? ஒரு நாளைக்கு எவ்வளவு? ஈயத்தாளில வைச்சுப் புகைக்கிறதா, ஊசியாலயா? மருந்தின்ர அளவு பார்க்கத்தான் கேக்கிறன்." சீனி வருத்தக்காரரிடம் எத்தனை குளிசை போடுகிறீர்கள் என்று கேட்கிற அதே குரல் போதும். ஊசி என்று சொன்னால், எந்தக் கையில் நாளம் கிடைக்கும் என்று அவனையே கேளுங்கள். எங்களைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

மருந்தை எழுதுவது வைத்தியர்தான். ஆனால் நடு இரவில் அவரை எழுப்புகிற ஃபோன் உங்கள் கையில் இருக்கிறது. "பேஷன்ட் கத்துறார் டொக்டர்" என்றால் "பனடோல் குடுங்கோ" என்றுதான் பதில் வரும். "தொடை முறிவு, நோ பத்துக்கு ஒன்பது, நாடி 118, மூச்சு 20, கண்மணி விரிஞ்சிருக்கு, கடைசியா ஹெரோயின் எடுத்தது நேற்று மத்தியானம்" என்று சொல்லிப் பாருங்கள், அவர் எழும்பி உட்காருவார்.

'தேவைப்பட்டால்' என்று எழுதிய மருந்தால்தான் விடுதியில் பாதிச் சண்டை வருகிறது. அது மனிதனைக் கெஞ்ச வைக்கிறது, கெஞ்சினால் நாங்களே சந்தேகப்படுகிறோம். நேரம் குறித்துக் கொடுக்கும்படியும், இடையில் நோ கூடினால் கொடுக்கத் தனி அளவொன்று எழுதும்படியும் கேளுங்கள். பரசிட்டமோல் கூடவே போகட்டும். தொடை நரம்பை விறைக்கச் செய்யும் ஊசி பற்றி மயக்கமருந்து வைத்தியரிடம் கதைக்கலாம். இந்த முறிவுக்கு அது மிக நல்ல வழி. மற்ற நோ மருந்துகளில் கவனம் வேண்டும். பெதிடினைத் திரும்பத் திரும்பக் கொடுத்தாலும் டிரமடோல் அளவு கூடினாலும் வலிப்பு வரக்கூடும். பென்டசோசின் இப்படியானவர்களுக்கு வேண்டவே வேண்டாம். தூள் கிடைக்காத வருத்தத்தை அது உடனேயே கிளப்பிவிடும்.

பயப்பட வேண்டியது மூச்சுக்கு. மூச்சுக் குறைய முன்பு தூக்கக் கலக்கம் வரும். கதைத்துக்கொண்டிருக்கும்போதே கண் சொருகினால் அடுத்த அளவை நிறுத்தி வைத்தியரைக் கூப்பிடுங்கள். மூச்சை நெஞ்சைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள், 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது இங்கே உதவாது. டியூட்டிக்கு வந்தவுடன் நலோக்சோன் எந்தத் தட்டில் இருக்கிறதென்று பார்த்துவையுங்கள். அதன் வேலை ஒரு மணித்தியாலம், ஒன்றரையில் முடிந்துவிடலாம். மோர்பின் அதற்குப் பிறகும் நிற்கும். எனவே எழும்பிவிட்டான் என்று அந்தக் கட்டிலை விட்டு நகர வேண்டாம்.

தீனி போடுவதாகாதா என்று கேட்டீர்கள். பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. நோவை அடக்காமல் விட்டால் சொல்லாமல் கொள்ளாமல் எழும்பிப் போவான், இல்லாவிட்டால் நோயாளர் பார்க்கிற நேரத்தில் கூட்டாளி ஒருவன் பொட்டலத்தோடு வருவான். எலும்பு விடுதியில் வைத்து அவனைத் திருத்தும் பொறுப்பை யாரும் உங்களிடம் தரவில்லை. அவன் விரும்பினால் மனநல வைத்தியரை விடுதிக்கே அழைத்துக் காட்டலாம். இதற்கும் வைத்தியம் உண்டு. ஹெரோயினுக்குப் பதிலாகக் கொடுக்கிற மெதடோனையும் புப்ரெனோர்ஃபினையும் உலக சுகாதார நிறுவனம் 2005 இலேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சில கிழமை தூள் இல்லாமல் இருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. வெளியே போய் முந்தி எடுத்த அளவையே எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். இதை அவனிடமும் தாயிடமும் தனித்தனியாகச் சொல்லுங்கள். அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற தொலைபேசி இலக்கத்தைத் தாயின் கொப்பியில் எழுதிக் கொடுங்கள். மனநலக் கிளினிக் திகதியை எலும்புக் கிளினிக் திகதியோடு ஒரே நாளில் போட்டுத்தர முடியுமா என்றும் கேளுங்கள். ஊன்றுகோலோடு இரண்டு தரம் பஸ் ஏறி வர அவன் மெனக்கெட மாட்டான்.

அன்புடன்,
அக்கா