பத்து நாளைக்கு மட்டும்: கேள்வி பதில்

பழக்கத்தை மாற்ற நினைப்பவர்கள் முதலில் பத்து நாளைக்கு மட்டும் சின்னதாகத் தொடங்கலாம் என்று சொல்லும் ஓய்வுபெற்ற தாதி ஒருவர், பல ஊர் வாசகர்களுக்குப் பதிலளிக்கிறார்.

கோண்டாவில்: அக்கா, நாளுக்கு ஐந்து பிளேன்ரீ, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி சீனி. விட முடியவில்லை.

முழுக்க விடவேண்டாம் தம்பி. பத்து நாளைக்கு, விடியக் குடிக்கும் முதல் தேநீருக்கு மட்டும் சீனி போடாதீர்கள். இஞ்சி தட்டிப் போடுங்கள். மிச்சம் நாலும் பழையபடி இருக்கட்டும். ஒரு தேக்கரண்டி சீனி ஏறக்குறைய 4 கிராம், அப்படியென்றால் உங்களுக்கு நாளுக்கு 40 கிராம். 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பத்தாம் நாள் இரண்டாவது தேநீரைப் பற்றி யோசிக்கலாம்.

மானிப்பாய்: 21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடுமாமே?

இல்லை. மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர், மாறிய முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது வேண்டும் என்று 1960இல் எழுதினார். 'குறைந்தது' என்ற சொல் பிறகு காணாமல் போய்விட்டது. ஒரு செயல் பழக்கமாக எத்தனை நாள் எடுக்கும் என்று லண்டனில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2009இல் வந்தது. அதில் ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்குக் கணக்குப்படி 254 நாள். இடைநிலை, அதாவது வரிசையில் நடுவில் நிற்பவருக்கு, 66.

சுன்னாகம்: கேதார கௌரி விரதம் 21 நாள்தானே? எங்கள் ஆட்கள் தெரியாமலா வைத்தார்கள்?

நல்ல கேள்வி. ஆனால் விரதம் பழக்கமாக்குவதற்கு வைத்ததல்ல, முடியும் நாள் தெரிந்தே தொடங்குவது. நல்லூர்த் திருவிழா 25 நாளும் மீன், இறைச்சி என்று மச்சம் தொடாத வீடு, முடிந்த கையோடு மீன் சந்தைக்குப் போகிறதே. அதில் குற்றமில்லை, விரதம் தன் வேலையை முடித்துவிட்டது. நாங்கள் எடுக்க வேண்டியது அதன் அமைப்பை: நேரம் குறித்தது, வீடே சேர்ந்து செய்கிறது, இன்று செய்வோமா என்ற யோசனைக்கே இடமில்லை. உங்கள் பத்து நாளையும் அப்படிக் கட்டுங்கள்.

சுன்னாகம்: அப்போ விரதத்தால் உடம்புக்குப் பயனில்லை என்கிறீர்களா?

அப்படிச் சொல்லவில்லை அண்ணை. 25 நாள் மச்சமில்லாமல் இருக்க முடியும் என்று ஊரே அறிந்துவைத்திருக்கிறது. அந்தத் தெம்புதான் பெரிய முதல். முடிந்த மறுநாளுக்கு ஒரு சின்ன ஒழுங்கு வைத்தால் அதில் கொஞ்சமாவது மிஞ்சும்: கிழமையில் இரண்டு நாள் மரக்கறி, அவ்வளவுதான்.

உரும்பிராய்: கந்தசஷ்டி ஆறு நாளும் உபவாசம் இருக்க ஆசை. சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுகிறேன்.

உங்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடங்கவே வேண்டாம் அம்மா. சில குளிசைகளும் இன்சுலினும் வெறும் வயிற்றில் சீனியைச் சட்டென்று இறக்கிவிடும். வியர்த்து, கை நடுங்கி, மயக்கம் வரும்.

நெல்லியடி: 21 நாள் நடந்தால் போதுமா?

மானிப்பாய்க்குச் சொன்னதைப் பாருங்கள்.

அச்சுவேலி: முழங்கால் நோவுக்கு எந்தப் பயிற்சி?

காலைப் பார்க்காமல் சொல்லமாட்டேன். இயன் மருத்துவரிடம் போங்கள்.

சாவகச்சேரி: 21 நாளா, 40 நாளா நல்லது?

பத்து. திரும்பவும் சொல்கிறேன், மருந்து எடுப்பவர்கள் சாப்பாட்டில் கைவைக்கமுன் கேளுங்கள்.

குருநகர்: பண்ணைக் கடலோரம் விடிய நடக்கத் தொடங்கி ஏழாம் நாள். மழையால் நேற்றுப் போகவில்லை. முதலிலிருந்து எண்ணவா?

வேண்டாம் தங்கச்சி. ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை என்று அதே லண்டன் ஆய்வு கண்டது. நாளைக்கு எட்டாம் நாள். மழையென்றால் விறாந்தையில் பத்து நிமிடம் நடவுங்கள், ஆனால் அதே நேரத்துக்கு.