வாசகர் கேள்வி – பதில்: ஏழு நகரங்களா, இரண்டு நகரங்களா?

கேள்வி: கனடாவில் வசிக்கும் என் தங்கை, கணவரோடும் பல்கலைக்கழகத்தில் படிக்கும் இரண்டு பிள்ளைகளோடும் ஆடி மாதம் வருகிறாள். கடற்கரை விடுதிகளில் அவர்களுக்கு நாட்டமில்லை. நாட்டின் கலையையும் வரலாற்றையும் பார்க்கவே விரும்புகிறார்கள். அனுராதபுரம், பொலன்னறுவை, சீகிரியா, தம்புள்ளை, கண்டி, காலி, யாழ்ப்பாணம் ஆகிய ஏழையும் ஒரு வாரத்துக்குள் பார்த்துவிட முடியுமா? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: முடியும், ஆனால் ஊர்களைவிட வேனின் முன்னிருக்கையைத்தான் அதிகம் பார்த்திருப்பார்கள். ஏழில் இரண்டையோ மூன்றையோ தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு இரவுகளாவது தங்குவதே நல்லது. என்னைக் கேட்டால் முதலிடம் பொலன்னறுவைக்கு.

அங்கே போகுமுன் கொழும்பு 7இல் உள்ள தேசிய நூதனசாலையில் ஒரு முழுக் காலைப்பொழுதைச் செலவிடச் சொல்லுங்கள். 1877இல் திறக்கப்பட்ட அந்த வெள்ளைக் கட்டடத்தைப் பலர் பள்ளிச் சுற்றுலாவோடு மறந்துவிடுகிறோம். பொலன்னறுவையின் சிவாலய இடிபாடுகளில் அகழ்ந்தெடுக்கப்பட்ட செப்புத் திருமேனிகளில் பல இப்போது அங்கேதான் இருக்கின்றன. நடராசரின் முன்னே எல்லோரும் நிற்பார்கள். சற்றுச் சிறிய காரைக்கால் அம்மையாரைத் தேடிப் பார்க்க வேண்டும். விலா எலும்புகள் தெரிய, வற்றிய உடலோடு அமர்ந்து கைத்தாளம் இடும் அந்த உருவத்தில், எலும்பையும் தோலையும் காட்டிய சிற்பிதான் முகத்தில் அத்தனை நிறைவையும் வைத்திருக்கிறார். இவை தென்னிந்தியாவில் வார்க்கப்பட்டவையா, இங்கேயே வார்க்கப்பட்டவையா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பிள்ளைகள் அதைப் பற்றி விவாதித்துக்கொண்டே பயணப்படட்டும்.

பொலன்னறுவையில், சோழர் காலத்து இரண்டாம் சிவாலயம் அடித்தளத்திலிருந்து உச்சி வரை கல்லாலேயே கட்டப்பட்டது. அதனால்தான் செங்கல் மாளிகைகள் சரிந்த நகரத்தில் அது இன்னும் நிமிர்ந்து நிற்கிறது. இராசராசனின் அரசியான வானவன்மாதேவியின் பெயரால் அது வானவன்மாதேவி ஈச்சரம் எனப்பட்டது. இதைக் கண்டு பூரித்துவிட்டு, சிலர் அத்தோடு திரும்பிவிடுகிறார்கள். அது போதாது. சோழரை 1070இல் வெளியேற்றிய முதலாம் விஜயபாகு, புத்தரின் தந்ததாதுவுக்காக (புனிதப் பல்லுக்காக)க் கட்டிய மாளிகையின் அருகே ஒரு கல்வெட்டு நிற்கிறது. அந்தத் தாது மாளிகையைக் காக்கும் பொறுப்பை, தென்னிந்தியக் கூலிப்படையினரான வேளைக்காரர் ஏற்றுக்கொண்டதை அது தமிழில் சொல்கிறது. வென்றவர், தோற்றவர் என்று நாம் இரண்டாகப் பிரித்துப் படித்த வரலாறு அந்தக் கல்லின் முன் அவ்வளவு எளிதாகப் பிரிவதில்லை.

முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) காலத்துக் கல் விகாரைக்கு மாலை வெயில் தணிந்தபின் போகச் சொல்லுங்கள். ஒரே பாறையில் குடையப்பட்ட உருவங்களுள், ஏறத்தாழ 14 மீற்றர் நீளமான சயனப் புத்தரின் தலையணையைக் கூர்ந்து பாருங்கள்: தலையின் பாரத்தால் அமிழ்ந்ததுபோல் கருங்கல்லில் ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. பாதங்களும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாமல் ஒன்று சற்றுப் பின்வாங்கியிருப்பது பரிநிர்வாணத்தைக் குறிப்பதாகச் சொல்வர். ஆடி மாதத்தில் அங்கே கல் தரை கொதிக்கும். சப்பாத்தைக் கழற்ற வேண்டிய இடங்கள் பல இருப்பதால் தடித்த காலுறை எடுத்துச் செல்வது நலம். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுப்பது இங்கே அவமதிப்பாகக் கருதப்படுகிறது என்பதையும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து பொலன்னறுவைக்கு ரயிலும் உண்டு.

கேள்வி: காலிக் கோட்டை இப்போது உணவகங்களும் நகைக்கடைகளுமாகிவிட்டது என்கிறார்களே, வரலாற்றுக்காகப் போவது பயனுள்ளதா? (வாசகர், தெஹிவளை)

பதில்: கடைகள் மலிந்தது உண்மைதான். ஆயினும் பழைய வாயிலின் உட்புறத்தில் 1669ஆம் ஆண்டைத் தாங்கிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னமும், வெளிப்புறத்தில் பிரித்தானியச் சின்னமும் இருப்பதைப் பார்த்தால், ஒரே சுவர் கைமாறிய கதை விளங்கிவிடும். ஒல்லாந்தத் தேவாலயத்தின் தரையில் பதித்த கல்லறைக் கற்களையும், தேவாலயம்போலவே தோற்றமளிக்கும் மீரான் பள்ளிவாசலையும் விட்டுவிடாதீர்கள்.

ஆனால் காலியின் மிகச் சிறந்த வரலாற்றுச் சான்று காலியில் இல்லை. சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்த மும்மொழிக் கல்வெட்டு, 1911இல் அந்நகரில் ஒரு மதகின் மேல் மூடுகல்லாகக் கிடந்தபோது கண்டெடுக்கப்பட்டு, இன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. 1409ஆம் ஆண்டுத் திகதியிட்ட அதில் சீன மொழி புத்தரையும், தமிழ் தென்னிலங்கைத் துறைமுகத்தின் தெனாவரை நாயனார் என்ற தெய்வத்தையும், பாரசீகம் அல்லாஹ்வையும் போற்றுகின்றன. காணிக்கைகளோ மூவருக்கும் பெரும்பாலும் ஒன்றே. எந்தத் தெய்வத்தின் அடியவரும் குறைப்பட்டுக்கொள்ளக் கூடாது என்ற வணிகரின் கணக்கு அதில் தெரிகிறது. ஆகவே நூதனசாலையைப் பார்த்த பின்னரே காலிக்கு ரயில் ஏறுங்கள். பெரும்பகுதி கடலோரமாகவே ஓடும் அந்தப் பயணத்துக்காகவே போகலாம்.

கேள்வி: பழைய கற்கள் போதும். கொழும்பிலேயே நவீன ஓவியம் பார்க்க எங்கே போவது? (வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: பொரளையிலுள்ள கோதமி விகாரைக்கு. ஜோர்ஜ் கீற் 1939–40 காலத்தில் அதன் சுவர்களில் புத்தர் வாழ்க்கையைத் தீட்டினார். மரபான விகாரை ஓவியத்தின் கதையும் நவீன ஓவியத்தின் வளைகோடும் அங்கே ஒரே சுவரில் சந்திக்கின்றன. பிறகு பார்ன்ஸ் பிளேசில் உள்ள சபுமல் நிலையத்துக்குப் போங்கள். 1943இல் தொடங்கிய ‘43 குழு’ ஓவியர்களுள் ஒருவரான ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு அது. கீற், ஐவன் பீரிஸ் ஆகியோரின் படைப்புகளை அங்கே ஒரு வீட்டின் சுவர்களில் நெருங்கி நின்று பார்க்கலாம். விகாரையில் வழிபாடு நடக்கும் போயா தினத்தைத் தவிர்த்து, சாதாரண நாள் காலையில் போவதே வசதி.