ரொட்டிக் கணக்கு தெரிந்த தளபதி

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: யுலிசிஸ் எஸ். கிராண்ட் என்று எழுதுகிறார்களே, அந்த ‘எஸ்’ எதன் சுருக்கம்?

எதன் சுருக்கமும் இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கு மாநிலங்களின் படைத்தளபதியாக இருந்து, பின்னர் அதிபரானவர் இவர். 1822-இல் ஓஹையோ மாநிலத்தில் பிறந்தவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஹைரம் யுலிசிஸ். 1839-இல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரிக்கு அவரைப் பரிந்துரைத்த காங்கிரஸ் உறுப்பினர் ‘யுலிசிஸ் எஸ்.’ என்று தவறாக எழுதி அனுப்பிவிட்டார். பதிவேட்டில் ஏறிய பெயரே கடைசிவரை நிலைத்தது.

கேள்வி: விக்ஸ்பர்க் கோட்டையை அவர் பிடித்ததை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்? முற்றுகையிட்டால் எந்தக் கோட்டையும் விழத்தானே செய்யும்?

முற்றுகை கடைசிக் கட்டம். அதுவரை போய்ச் சேர்ந்ததுதான் சாதனை.

மிசிசிப்பி ஆற்றின் வளைவில், மேட்டின் மேல் இருக்கிறது ஊர். வடக்கே சதுப்பு நிலம், எதிரே பீரங்கிகள். 1862 டிசம்பரில் கிராண்ட் ரயில் பாதையை ஒட்டி உள்நாட்டு வழியாக இறங்கினார். 20-ஆம் தேதி எதிரிகளான தென் மாநிலங்களின் குதிரைப்படை ஹோலி ஸ்பிரிங்ஸில் இருந்த அவருடைய சரக்குக் கிடங்கைக் கொளுத்தியது, பின்வாங்க வேண்டியதாயிற்று. அப்போது வண்டிகளை அனுப்பிச் சுற்றுவட்டாரப் பண்ணைகளில் தானியமும் இறைச்சியும் திரட்டினார். ஒரு படைக்கு வேண்டியது அங்கேயே கிடைத்தது. மெக்சிகோ போரில் பண்டசாலை அதிகாரியாக இருந்தவர் அல்லவா, அந்தக் கணக்கு அவருக்கு உடனே பிடிபட்டது. பின்னால் நடந்ததற்கெல்லாம் இதுதான் திறவுகோல் என்பேன்.

குளிர்காலம் முழுக்கக் கால்வாய் வெட்டியும் சிற்றோடைகளில் படகு விட்டும் பார்த்தார். எதுவும் பலிக்கவில்லை. 1863 ஏப்ரல் 16 இரவு, பக்கவாட்டில் பஞ்சு மூட்டையும் வைக்கோல் கட்டும் அடுக்கிய கப்பல்கள் பீரங்கிகளின் முன்னாலேயே தெற்கே பாய்ந்து கடந்தன. ஒரு சரக்குக் கப்பல் மட்டும் அழிந்தது. படையோ மறுகரையில் நடந்தே தெற்கே வந்தது. எதிரியின் கவனத்தைத் திருப்ப, கிராண்டின் குதிரைப்படை அதிகாரி கிரியர்சன் சுமார் 1,700 வீரர்களோடு மிசிசிப்பி மாநிலத்தை ஊடறுத்துக்கொண்டு போனார்.

ஏப்ரல் 29 அன்று ‘கிராண்ட் கல்ஃப்’ என்ற ஆற்றங்கரை இடத்தில் கரையேறும் முயற்சி தோற்றது. அன்றிரவு, இன்னும் கீழே புருயின்ஸ்பர்க்கில் இறங்கினால் நல்ல சாலை உண்டு என்று சொன்னவர் அந்தப் பகுதியை அறிந்த ஒரு கறுப்பின மனிதர். மறுநாளே படை அங்கே ஆற்றைக் கடந்தது. அவர் பெயரைப் பலரும் கேட்பதில்லை. அந்தத் தகவலின் மதிப்போ ஒரு படைப்பிரிவுக்குச் சமம்.

அடுத்து அவர் நேரே விக்ஸ்பர்க்குக்குப் போகவில்லை. கிழக்கே ஜாக்சனுக்குப் போய் ரயில் சந்திப்பை உடைத்து, உதவிப்படை வரும் வழியை அடைத்துவிட்டு மேற்கே திரும்பினார். மே 1 முதல் 17 வரை ஐந்து சண்டைகள், ஐந்திலும் வெற்றி. வழங்கல் பாதையை முற்றிலும் அறுத்துக்கொண்டார் என்று பலர் எழுதுவது சரியல்ல. வெடிமருந்து, காபி, உப்பு, கெட்டி ரொட்டி எல்லாம் ஆற்றங்கரையிலிருந்து வண்டி வண்டியாக வந்தன. இறைச்சியும் தீவனமும் மட்டும் அந்த மண்ணிலேயே எடுத்துக்கொள்ளப்பட்டன. கோட்டைத் தளபதி பெம்பர்டன் அந்தப் பாதையை வெட்டத் தெற்கே கிளம்பி நாட்களை இழந்தார்.

மே 19, 22 நேரடித் தாக்குதல்கள் தோற்றன. இரண்டாவதில் மட்டும் மூவாயிரத்துக்கு மேல் சேதம். அதன் பிறகே பதுங்குகுழி, சுரங்கம், பட்டினி. ஜூலை 4 அன்று சுமார் 29,500 பேர் சரணடைந்தார்கள்.

கேள்வி: அவரைக் ‘கசாப்புக்காரர்’ என்று பழித்தது நியாயமா?

மொத்தமாகச் சொன்னால் நியாயமில்லை. வர்ஜீனியாவில் நடந்த கோல்டு ஹார்பர் சண்டை விஷயத்தில் நியாயம் உண்டு. 1864 ஜூன் 2-ஆம் தேதி தாக்க நினைத்து ஒரு நாள் தள்ளிப்போட்டதில், தென் மாநிலப் படையின் தளபதி லீயின் ஆட்கள் நன்றாகப் பள்ளம் வெட்டிக்கொண்டார்கள். எதிரி வரிசையைச் சரியாக வேவு பார்க்காமலே 3-ஆம் தேதி விடியலில் படை ஏவப்பட்டது. ஆயிரக்கணக்கில் விழுந்தார்கள். அதைவிடக் கொடுமை, காயம்பட்டவர்களை எடுக்கச் சண்டை நிறுத்தம் எந்த முறையில் கேட்பது என்று இரு தளபதிகளும் கடிதம் எழுதிக்கொண்டிருந்ததில் 7-ஆம் தேதி வந்துவிட்டது. அதற்குள் பெரும்பாலோர் வெயிலில் செத்திருந்தார்கள். அந்தத் தாக்குதலுக்காக வருந்துவதாகக் கிராண்ட் பின்னர் எழுதினார். சண்டை நிறுத்தம் தாமதமானதில் லீக்கும் பங்கு உண்டு.

கேள்வி: அதிபராக அவர் தோல்விதானே?

விஸ்கி வரி மோசடியில் அவருடைய செயலாளரே சிக்கினார். நண்பர்களை நம்பியது பெரிய குறை. ஆனால் 1871-இல், கறுப்பின மக்களைத் தாக்கிவந்த கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலை ஒடுக்கச் சட்டம் கொண்டுவந்து, தென் கரோலினாவின் ஒன்பது மாவட்டங்களில் ஆட்கொணர்வு உரிமையையே நிறுத்திவைத்து ஆட்களைப் பிடித்தார். இதைச் சொல்லாமல் தோல்வி என்பது பாதிக் கதை.

கேள்வி: முன்னாள் அதிபருக்கு ஓய்வூதியம் இல்லையா? ஏன் கடனாளியானார்?

அந்த ஓய்வூதியம் 1958-இல்தான் வந்தது. 1884 மே மாதம் கூட்டாளி வார்டு செய்த மோசடியில் அவர்களுடைய நிதி நிறுவனம் கவிழ்ந்தது. அதற்குச் சற்று முன் பெரும் பணக்காரர் வாண்டர்பில்ட்டிடம் கடன் வாங்கிய 1,50,000 டாலரும் போயிற்று. அதே ஆண்டு தொண்டைப் புற்றுநோய். மனைவிக்கு ஏதாவது விட்டுப்போக நினைவுக் குறிப்பு எழுத உட்கார்ந்தார். முதலில் வந்த பதிப்பாளர் 10 சதவீதம் பேச, மார்க் ட்வைன் தம் பதிப்பகத்தின் வழியே லாபத்தில் 70 சதவீதம் தருவதாகச் சொன்னார். குரல் போன பின் காகிதத் துண்டுகளில் எழுதிக் காட்டிப் பேசினார். 1885 ஜூலையில் வேலை முடிந்தது. 23-ஆம் தேதி இறந்தார். ஜூலியா கிராண்டுக்கு வந்த முதல் காசோலையே 2,00,000 டாலர்.