மஞ்சும் பனியும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு ஊர் ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடம். சமீபத்தில் குடும்பத்தோடு மூணாறு போயிருந்தோம். காலை பத்து மணிக்குத் தேயிலைத் தோட்டமே மறைந்துபோனது. எதிரே வந்த பஸ் கிட்டே வரும்வரை தெரியவில்லை. ஜீப் ஓட்டுநர் ‘மஞ்ஞு இறங்குது’ என்றார். அம்மா அதையும் பனி என்றுதான் சொன்னார். பயணக் குறிப்பில் ‘மஞ்சு’ என்று எழுதினேன். ‘அது மலையாளம், மூடுபனி என்று மாற்று’ என்கிறார் நண்பர். மாற்ற வேண்டுமா?

– வாசகர், தங்கச்சிமடம்

அன்புள்ள தம்பிக்கு,

மாற்றாதீர்கள். மஞ்சு நம்முடைய சொல்தான். மலையாளத்தில் மஞ்ஞு, கன்னடத்தில் மஞ்சு, தெலுங்கில் மஞ்ச்சு, எல்லாம் ஒரே வேர். பழந்தமிழில் அதற்கு மேகம் என்று பொருள். மலையில் தவழும் வெண்மேகத்துக்கு மிகவும் பொருந்தி வரும். நீங்கள் மூணாறில் பார்த்ததும் மேகம்தான். ஈரக்காற்று சரிவில் ஏற ஏறக் குளிர்ந்து, ஆவி நுண்ணிய நீர்த்துளியாகிறது. அடிவாரத்தில் நிற்கிறவருக்கு அது மலைமேல் மேகம், உள்ளே மாட்டிக்கொண்டவருக்கு மூடுபனி. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்த நம் முன்னோரின் கண்ணை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. மூடுபனியும் நல்ல சொல்தான். பார்வை ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்தால் வானிலைக்காரர்கள் சொல்வது அதைத்தான். ஆனால் அதில் மலை இல்லை.

அம்மா சொன்னதும் சரியே. பனித்தல் என்றால் துளிர்ப்பது, நடுங்குவது. கண் பனித்தது என்கிறோம் இல்லையா? மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சலே. மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்ற நம் ஊர்க்காரர் நடுங்கியபடியேதான் அதைச் சொல்லியிருப்பார்.

தை மாத விடியலில், கரையில் ஏற்றிப் போட்டிருக்கும் வத்தையின், அதாவது மரப்படகின், முன்பக்கமான அணியத்தில் கை வைத்துப் பாருங்கள். முழங்கை வரை நீர் வழியும். ‘ராத்திரி நல்ல பனி பெஞ்சிருக்கு’ என்போம். உண்மையில் மேலிருந்து எதுவும் பெய்வதில்லை. வானம் தெளிந்திருக்கும் இரவில் பலகை தன் சூட்டையெல்லாம் விட்டுவிட்டுக் காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது, அதைத் தொடும் காற்றின் ஈரம் அங்கேயே நீராகிவிடுகிறது. கடல் அப்படிச் சட்டென்று ஆறாது, காற்றும் ஓயாது. அதனால்தான் வழியை மறைக்கும் மூட்டம் உங்கள் தீவில் அபூர்வம்.

அப்புறம் ஒன்று. மஞ்சுக்கு மலைக்குப் போன நீங்கள், வீட்டு வாசலில் இருக்கும் கொண்டலை விட்டுவிட்டீர்கள். கொள் என்பதிலிருந்து வந்த சொல். நீரைக் கொண்டதால் மேகத்துக்கும் கொண்டல் என்று பெயர், கடலிலிருந்து ஈரத்தோடு வரும் கிழக்குக் காற்றுக்கும் அதே பெயர். கடல் தொழிலுக்குப் போகிற பெரியவர்களிடம் கொண்டல், கச்சான், சோழகம், வாடை என்ற நான்கு காற்றுகளைப் பற்றியும் கேளுங்கள். எந்தக் காற்றில் வலை விடுவார்கள், எதில் வத்தையைக் கரையேற்றுவார்கள் என்று அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி அனுப்புங்கள். இங்கே வெளியிடுகிறேன்.