வைஃபை இருந்தால் மட்டும் போதாது

கேள்வி: எங்கள் காம்பி பாய்லர் (வீட்டையும் குழாய்த் தண்ணீரையும் சேர்த்துச் சூடாக்குவது) பழுதாகிவிட்டது. ஒருவர், "பாய்லரை மட்டும் மாற்றுங்கோ, பழைய டைமரே காணும்" என்கிறார். இன்னொருவர் புதுத் தெர்மோஸ்டாட்டும் (அறைச் சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) சேர்த்து விலை சொல்லி, அதுதான் சட்டம் என்கிறார். யாரை நம்புவது, அண்ணா? – வாசகி, ஹாரோ, லண்டன்.

பதில்: இரண்டாமவரை, தங்கச்சி. இங்கிலாந்தில் 2018 ஏப்ரலில் இருந்து 'பாய்லர் பிளஸ்' விதி இருக்கிறது. புதிதாகப் பூட்டும் கேஸ் பாய்லருக்குக் குறைந்தது 92 சதவீதத் திறன் வேண்டும். நேரத்தையும் அறைச் சூட்டையும் கட்டுப்படுத்தும் கருவியும் வேண்டும். காம்பி என்றால் கூடுதலாக இவற்றில் ஒன்று: புகையில் போகும் சூட்டை மீட்கும் கருவி, வெளிக் குளிருக்கு ஏற்பப் பாய்லரை எரிய வைக்கும் சென்சார், அறைச் சூட்டுக்கு ஏற்பத் தீயைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட், அல்லது தானாகவே நேரம் கணிக்கும் ஸ்மார்ட் கருவி. போனில் தட்டி ஓன், ஓஃப் செய்கிற வெறும் வைஃபை தெர்மோஸ்டாட் இந்தக் கணக்கில் வராது. அதை ஸ்மார்ட் என்று சொல்லித் தலையில் கட்டுவார்கள், கவனம்.

என் கையில் விட்டால் மூன்றாவதைத்தான் பூட்டுவேன். ஆனால் அது பாய்லரோடு பேசுகிற வகையாக இருக்க வேண்டும். சாதாரண சுவிட்ச் போல வயர் கொடுத்துவிட்டால் காசு வீண்.

விதியை விடப் பெரிய விஷயம் ஒன்று. ரேடியேட்டரில் இருந்து திரும்பி வரும் தண்ணீர் ஏறக்குறைய 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையில் உள்ள நீராவி குளிர்ந்து தன் சூட்டைத் திருப்பித் தரும். நம் ஆட்கள் ரேடியேட்டர் கையைச் சுட வேண்டும் என்று 75, 80-இல் வைத்துவிடுவார்கள். அப்புறம் அந்த 92 பெட்டியில் மட்டும்தான் இருக்கும். பாய்லரில் ரேடியேட்டர் படம் போட்ட திருகியை 60-க்கு இறக்கிப் பாருங்கள். அது வெளியே போகும் தண்ணீரின் சூடு; திரும்பி வரும்போது குறைந்துவிடும். வீடு சூடாகக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அவ்வளவுதான். கடும் குளிரில் போதாவிட்டால் கூட்டலாம். குழாய்ப் படம் போட்டது குளிக்கிற தண்ணீருக்கு, அது வேறு.

ரேடியேட்டர், குழாய் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுவதானால், 2022 ஜூனில் இருந்து, ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் சூடு 55 டிகிரிக்கு மேல் போகாதபடி வடிவமைக்க வேண்டும் என்பதே விதி.

வேலை தொடங்குமுன், பூட்ட வருபவரின் கேஸ் சேஃப் அட்டையை (கேஸ் வேலைக்கான பதிவு அட்டை) வாங்கிப் பின்பக்கத்தையும் பாருங்கள். எந்தெந்த வேலைக்கு அனுமதி என்று அங்கேதான் இருக்கும். முடிந்ததும் கட்டட விதிச் சான்றிதழ் வந்ததா என்று கேளுங்கள். வீட்டை விற்கும்போது வக்கீல் அதைத்தான் கேட்பார்.